64 கோர் சர்வரில் எஸ்எஸ்டி மெதுவாக இருக்கிறதா? டிரைவை மாற்றும் முன் செய்து பார்க்க வேண்டியவை

மணலி, மாதவரம், திருவொற்றியூர் பக்கத்துக் கன்டெய்னர் யார்டுகளிலும், ராஜாஜி சாலையையும் மண்ணடியையும் ஒட்டிய கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்களிலும் பழைய எட்டு கோர் சர்வர்கள் மெல்ல மெல்லக் காலியாகி வருகின்றன. அந்த இடத்தில் இரண்டு பிராசஸர், 64 கோர், சில இடங்களில் 128 கோர். கூடவே, பிசிஐஇ பாதையில் நேராக மாட்டும் என்விஎம்இ எஸ்எஸ்டி. அதன் பெட்டி மேல் நொடிக்கு 7,000 எம்பி என்று பெரிதாக அச்சடித்திருக்கும். எல்லாம் மாட்டி முடித்த பிறகு பார்த்தால் ராத்திரி ரிப்போர்ட் முன்பு முடிந்த நேரத்துக்குத்தான் முடியும். "இன்னாபா, இவ்ளோ துட்டு போட்டு இன்னா பிரயோஜனம்?" என்று முதலாளியிடமிருந்து ஃபோன் வரும். அந்த ஃபோனை எடுக்கப் போகிற, வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

ஃபோனை வைத்ததும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பி இன்னொரு டிரைவ் வாங்கி வராதீர்கள். நான் பார்த்தவரை, கோர்கள் நிறைய இருக்கும் சர்வரில் "எஸ்எஸ்டி ஸ்லோ" என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் டிரைவ் சும்மாதான் இருக்கும். துறைமுகத்தில் கிரேன் வேலையில்லாமல் நிற்க, ஜீரோ கேட்டுக்கு வெளியே லாரிகள் கிடையாய்க் கிடக்கும் அல்லவா, அந்தக் கதைதான். கேட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் இன்னொரு கிரேன் வாங்கினால் காசுதான் போகும்.

கீழே சொல்வதெல்லாம் லினக்ஸ் சர்வருக்கு. கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதல் படி: "ஸ்லோ" என்றால் எது ஸ்லோ?

புகார் சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்த வேலை, எந்த நேரத்தில், எவ்வளவு பிடிக்கிறது, எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். "எல்லாமே ஸ்லோ" என்ற பதிலை ஏற்காதீர்கள். பெரிய கோப்பு நகலெடுப்பதா, டேட்டாபேஸில் தேடுவதா, கேட் பாஸ் பதிவு ஒவ்வொன்றாகச் சேமிப்பதா? மூன்றும் டிரைவிடம் கேட்பது வேறு வேறு.

பெட்டி மேல் இருக்கும் 7,000 எம்பி என்பது பெரிய துண்டுகளாக, வரிசையாக, ஒரே நேரத்தில் நிறையக் கோரிக்கைகளை அனுப்பும்போது கிடைக்கும் எண். டேட்டாபேஸ் அப்படிக் கேட்பதில்லை. போஸ்ட்கிரெஸ் ஒரு பக்கத்தை 8 கேபியாகப் படிக்கும், மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி 16 கேபியாக. அதுவும் டிஸ்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாக.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். நல்ல என்விஎம்இ டிரைவிலும் ஒரு சிறு ரேண்டம் படிப்புக்குச் சுமார் 80 முதல் 100 மைக்ரோ நொடி ஆகும். ஃபிளாஷ் சில்லு பதில் சொல்ல எடுக்கும் நேரம் அது. ஒரு புரோகிராம் ஒன்றைக் கேட்டு, பதில் வந்த பிறகே அடுத்ததைக் கேட்கும் என்றால், 80 மைக்ரோ நொடி வீதம் நொடிக்கு 12,500 படிப்பு. ஒவ்வொன்றும் 4 கேபி என்றால் நொடிக்கு 50 எம்பி சொச்சம். டிரைவில் எந்தக் கோளாறும் இல்லை; 50 எம்பிதான் வரும். இதே டிரைவிடம் ஒரே நேரத்தில் 32 கோரிக்கைகளைக் கொடுத்தால், தாமதம் ஏறாதவரை, நொடிக்கு 4,00,000 படிப்பு, அதாவது 1,600 எம்பி. டிரைவ் மாறவில்லை, கேட்கும் விதம் மாறியிருக்கிறது. கையில் இருக்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கையை ஒவ்வொன்றின் தாமதத்தால் வகுத்தால் ஐஓபிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை படிப்பு அல்லது எழுத்து: இந்த வகுத்தல் மனப்பாடமாகிவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

என்விஎம்இ என்ற ஏற்பாடே இதற்காக வந்ததுதான். பழைய சாட்டா டிரைவுக்கு ஒரே ஒரு வரிசை, அதில் 32 கோரிக்கை. 2011இல் வந்த என்விஎம்இ, சுமார் 64,000 வரிசை, வரிசைக்கு 64,000 கோரிக்கை வரை இடம் கொடுத்தது. லினக்ஸ் கெர்னலிலும் 3.13 பதிப்பிலிருந்து ஒவ்வொரு கோருக்கும் தனி வரிசை வைக்கும் முறை வந்தது. வாசல் இத்தனை அகலமாக இருக்கும்போது புரோகிராமின் ஒரே ஒரு த்ரெட் (தனியாக ஓடும் வேலை இழை) ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தால் 64 கோர் இருந்தும் 128 கோர் இருந்தும் பலன் பூஜ்யம்.

இரண்டாம் படி: ஐஓஸ்டாட்டை ஒழுங்காகப் படியுங்கள்

மெதுவான வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே "ஐஓஸ்டாட் -எக்ஸ் 1" என்று ஓட்டுங்கள். முதலில் வரும் அட்டவணையை விட்டுவிடுங்கள். சர்வர் ஆன் ஆனதிலிருந்து எடுத்த சராசரி அது. இரண்டாவதிலிருந்து பாருங்கள்.

திருவொற்றியூர் யார்டு ஒன்றின் சர்வரில் ராத்திரி ரிப்போர்ட் ஓடும்போது வந்த வரி ஏறக்குறைய இப்படி: நொடிக்கு 11,000 படிப்பு, ஒவ்வொன்றும் 8 கேபி, ஆர்_அவெயிட் (ஒரு படிப்புக்கு ஆன நேரம்) 0.09 மில்லி நொடி, அக்யூ-எஸ்இசட் (சராசரியாக வரிசையில் இருந்த கோரிக்கைகள், அதாவது க்யூ) 0.99, கடைசிக் காலத்தில் (காலம் என்றால் இங்கே அட்டவணையின் நெடுவரிசை) யூட்டில் 99 சதவீதம். அங்கே வேலை பார்க்கும் தம்பி கடைசிக் காலத்தை மட்டும் பார்த்துவிட்டார்.

"அண்ணா, 99 காட்டுது. டிஸ்க் ஃபுல் லோடு. இன்னொண்ணு போட்டுடலாமா?"

"பக்கத்து காலத்தப் பாரு தம்பி. க்யூ எவ்ளோ?"

"ஒண்ணு. ஒண்ணுகூட இல்ல."

"அப்ப ஒரே ஆள்தான் கேட்டுனு இருக்கான். டிஸ்கால முடிஞ்சதுல மீதி பூரா சும்மா கீது."

யூட்டில் காலம் சொல்வது, அந்த நொடியில் எத்தனை சதவீத நேரம் டிரைவிடம் ஒரு கோரிக்கையாவது இருந்தது என்பதைத்தான். ஒரு தலை மட்டும் ஓடும் பழைய ஹார்ட்டிஸ்கில் அது சுமைக்குச் சமம். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான கோரிக்கைகளைக் கையாளும் எஸ்எஸ்டியில் 100 சதவீதம் என்பதற்கு "யாரோ ஒருவர் வாசலில் இருக்கிறார்" என்பதற்கு மேல் அர்த்தம் இல்லை. ஐஓஸ்டாட்டின் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது, படிப்பவர்கள்தான் குறைவு.

அவெயிட் காலத்தையும் அக்யூ-எஸ்இசட் காலத்தையும் சேர்த்துப் படியுங்கள். அவெயிட் 0.1 சுற்றிலும், க்யூ ஒன்றுக்குப் பக்கத்திலும் இருந்தால் டிரைவ் நல்ல வேகத்தில் பதில் சொல்கிறது, கேட்பவர்தான் மெதுவாகக் கேட்கிறார். அவெயிட் பல மில்லி நொடிக்கு ஏறி, க்யூவும் நூற்றுக்கணக்கில் இருந்தால் சுமை நிஜமாகவே அதிகம். க்யூ குறைவாக இருந்தும் அவெயிட் பல மில்லி நொடி காட்டினால் மட்டும் டிரைவையோ, அதற்குப் போகும் பாதையையோ சந்தேகப்படுங்கள். புதிய பதிப்புகளில் எஃப்_அவெயிட் என்று ஒரு காலமும் உண்டு. டிரைவின் மெமரியில் இருப்பதை நிரந்தரமாக எழுதச் சொல்லும் ஃபிளஷ் கட்டளைக்கு ஆன நேரம் அது. கீழே எழுதும் வேலையைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

அந்த யார்டு சர்வரில் 8 கேபி வீதம் 11,000 என்றால் நொடிக்கு 90 எம்பி. டிரைவ் எதையும் மாற்றவில்லை. ரிப்போர்ட்டைக் கிளை வாரியாகப் பிரித்து எட்டு இணைப்புகளில் ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் படி: கோர்களைத் தனித்தனியாகப் பாருங்கள்

128 கோர் சர்வரில் ஒரு கோர் மட்டும் 100 சதவீதம் வெந்துகொண்டிருந்தால், மொத்தச் சராசரியில் அது 0.78 சதவீதம். டாப் கட்டளையின் மேல் வரியில் 99 சதவீதம் சும்மா இருப்பதாகக் காட்டும். "சிபியூ ஃப்ரீதான் சார், டிஸ்க்தான் பிரச்சினை" என்று அடித்துச் சொல்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

"எம்பிஸ்டாட் -பி ஆல் 1" (பி பெரிய எழுத்து, ஆல் முழுவதும் பெரிய எழுத்து) ஓட்டினால் ஒவ்வொரு கோரும் தனி வரியில் வரும். யூஸர் காலம் ஒரு கோரில் மட்டும் 100 என்றால் அப்ளிகேஷனின் ஒற்றை த்ரெட் திணறுகிறது. டிஸ்கைத் தொடவே வேண்டாம். சிஸ்டம் காலம் ஏறியிருந்தால் கெர்னலுக்குள் ஏதோ. சாஃப்ட் என்ற காலம் ஒன்றிரண்டு கோர்களில் மட்டும் ஏறியிருந்தால் வேலை முடிந்தது என்று சாதனங்கள் தட்டும் இன்டரப்ட் எல்லாம் அந்தக் கோர்களில் போய் விழுகிறது.

நிறையக் கோர்களில் ஒரே நேரத்தில் சிஸ்டம் காலம் ஏறியிருந்தால் "பெர்ஃப் டாப்" ஓட்டிப் பாருங்கள். பட்டியலின் தலையில் ஸ்பின்லாக் என்ற சொல் அடங்கிய பெயர் உட்கார்ந்திருந்தால், கோர்கள் எல்லாம் ஒரே பூட்டுக்காக அடித்துக்கொள்கின்றன. அப்போது த்ரெட்களைக் கூட்டினால் வேகம் குறையும். 64 கோர் இருக்கிறதே என்று 64 த்ரெட்டைத் திறந்துவிட்டு, 16இல் வந்த வேகம்கூட வரவில்லையே என்று குழம்புபவர்களுக்கு விடை பெரும்பாலும் இந்தப் பட்டியலில் இருக்கும்.

டிரைவுக்கு எத்தனை வரிசை கிடைத்தது என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (தட்டும்போது டி, எம், ஈ, எஸ், ஜி) வெளியீட்டில் என்விஎம்இ என்று தேடினால் "64/0/0" போன்ற எண்ணோடு க்யூஸ் என்று முடியும் வரி ஒன்று வரும். 128 கோர் சர்வரில் 8 என்று வந்தால், டிரைவ் தருவதே அவ்வளவு, 16 கோருக்கு ஒரு வரிசை. விலை மலிந்த டிரைவ்களில் இது நடக்கும். இன்டரப்ட்டைக் கையால் வேறு கோருக்குத் தள்ளப் பார்க்காதீர்கள். புதிய கெர்னல்களில் என்விஎம்இ வரிசைகளின் இன்டரப்ட்டைக் கெர்னலே பங்கிடுகிறது. எழுதப் போனால் பிழை என்று திருப்பி அனுப்பும்.

நான்காம் படி: ஸ்லாட்டும் சாலையும்

இதற்கு இரண்டு நிமிடம் போதும், ஆனாலும் பலர் தாண்டிப் போகிற படி. "எல்எஸ்பிசிஐ" கட்டளையை இரண்டு "வி" கொடுத்து ரூட்டாக ஓட்டுங்கள். உங்கள் டிரைவுக்குக் கீழே லிங்க்கேப், லிங்க்ஸ்டா என்பதன் சுருக்கமாக இரண்டு வரி இருக்கும். முதலாவது டிரைவால் முடிந்தது, இரண்டாவது இப்போது கிடைத்திருப்பது. இரண்டாவதில் "டவுன்கிரேடட்" என்று இருந்தால் பிடித்துவிட்டீர்கள்.

பிசிஐஇ நான்காம் தலைமுறை, நான்கு லேன் (டேட்டா போகும் தடம்) என்றால் ஒரு பக்கம் நொடிக்குச் சுமார் 7.9 ஜிபி போகலாம். மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் மாட்டினால் 3.9. அதிலும் இரண்டு லேன் மட்டும் கிடைத்தால் 2க்கும் கீழே. டிரைவ் அப்படியேதான் இருக்கிறது, சாலை நான்கில் ஒரு பங்கு. காரணங்கள்: பழைய ரைசர் கார்டு, சரியாக அமராத கேபிள், சிப்செட் வழியாகப் போகும் ஸ்லாட், பயாஸில் தலைமுறையைக் குறைத்து வைத்திருப்பது. நான்கு எம்.2 டிரைவ் மாட்டும் கார்டு வாங்கி, ஒன்று மட்டும் தெரிகிறது என்றால் பயாஸில் அந்த ஸ்லாட்டை நாலாகப் பிரிக்கும் பைஃபர்கேஷன் அமைப்பைப் போடவில்லை.

நம் பக்கத்துக்கென்று ஒரு குறிப்பு. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்றில் உப்பு உண்டு, கந்தகம் கலந்த காற்றும் செம்பையும் வெள்ளியையும் அரிக்கும். ஜன்னல் திறந்த அறையில் சில வருடம் இருந்த சர்வரில் ஸ்லாட்டுத் தொடர்புகள் மங்கிப் போயிருக்கலாம். டிமெசேஜில் "பிசிஐஇ பஸ் எரர்", "கரெக்டட்" என்று வரிகள் வந்துகொண்டே இருந்தால், பவரை முழுக்க அணைத்து, டிரைவைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் தங்க விளிம்பைத் துடைத்து, மறுபடி அழுத்தி மாட்டுங்கள். ரப்பரால் தேய்க்கிற பழக்கம் வேண்டாம். தங்கப் பூச்சு போய்விடும்.

இரண்டு பிராசஸர் சர்வரில் இன்னொன்று உண்டு. டிரைவ் எந்த பிராசஸரில் தொங்குகிறது? சிஸ் கோப்புறைக்குள் கிளாஸ், என்விஎம்இ, என்விஎம்இ0, டிவைஸ் என்று இறங்கினால் நூமா_நோட் என்ற கோப்பில் அந்த பிராசஸரின் நோடு எண் இருக்கும். "நூமாசிடிஎல் --ஹார்ட்வேர்" கொடுத்தால் எந்தக் கோர்கள் எந்த நோடில் என்று தெரியும். அடுத்த பிராசஸரில் ஓடும் த்ரெட் டிரைவைத் தொட, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பைத் தாண்டவேண்டும். ஏஎம்டி எபிக் சர்வர்களில் ஒரே பிராசஸரையே பயாஸில் இரண்டாகவோ நான்காகவோ நோடு பிரிக்கவும் வழி உண்டு. நூமா_நோட் கோப்பில் கழித்தல் 1 என்று இருந்தால் பயாஸ் தகவல் தரவில்லை என்று பொருள்.

ஆனால் நூமாவை (இப்படி நோடு வாரியாகப் பிரிந்திருக்கும் அமைப்பை) எல்லாவற்றுக்கும் காரணமாகச் சொல்லும் பழக்கம் நம் ஆட்களிடம் அதிகம். ஒரே ஒரு டிரைவ், மிதமான சுமை என்றால் தாண்டிப் போகிற கூடுதல் நேரம் ஃபிளாஷ் எடுக்கும் 80 மைக்ரோ நொடிக்கு முன் தூசு. பத்து டிரைவை ஒன்றாக விரட்டும்போதுதான் அது கண்ணில் படும்.

ஐந்தாம் படி: ஃபியோவை வைத்து அளப்பது

நகலெடுக்கும் டிடி கட்டளையால் அளந்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டைரக்ட் என்று குறிப்பிடாமல் ஓட்டினால் நீங்கள் அளப்பது மெமரியை. குறிப்பிட்டு ஓட்டினாலும் அது ஒற்றை த்ரெட், ஒற்றைக் கோரிக்கை. அளப்பதற்கென்றே இருக்கிற கருவி ஃபியோ.

அதற்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை: ஃபியோவில் எழுதும் சோதனையை டிரைவின் பெயரைக் கொடுத்து ஓட்டினால், உள்ளே இருக்கும் டேட்டா அழியும். கேள்வி கேட்காது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் படிக்கும் சோதனை மட்டும், அதுவும் ரீட்ஒன்லி என்ற விருப்பத்தோடு.

தொடக்கத்துக்கு, சோதனைக்கு ஒரு பெயரையும் (நேம்) டிரைவின் பெயரையும் (ஃபைல்நேம்) கொடுத்து, கூடவே இந்த விருப்பங்கள் போதும்: ரீட்ஒன்லி, டைரக்ட்=1, ஆர்டபிள்யூ=ராண்ட்ரீட், பிஎஸ்=4கே, ஐஓஎஞ்சின்=ஐஓ_யூரிங், ஐஓடெப்த்=1, நம்ஜாப்ஸ்=1, டைம்_பேஸ்டு, ரன்டைம்=60, குரூப்_ரிப்போர்ட்டிங். ஐஓ_யூரிங் 5.1 கெர்னலிலிருந்து உண்டு. அதற்கு முந்தைய கெர்னல் என்றால் லிப்ஏஐஓ. என்ஜினைக் குறிப்பிடாமல் விட்டால் ஃபியோ ஒவ்வொன்றாகக் கேட்கும் சாதாரண முறைக்குப் போய்விடும். அதில் ஐஓடெப்த்துக்கு 64 கொடுத்தாலும் 1 கொடுத்தாலும் ஒன்றுதான். டைரக்ட் இல்லாத லிப்ஏஐஓவிலும் இதே வினை.

ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு முடிவுக்கு வராதீர்கள், ஏணிப்படி மாதிரி ஏறுங்கள். ஜாப்பை (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) ஒன்றாக வைத்து டெப்த்தை (ஒவ்வொரு ஜாப்பும் ஒரே நேரத்தில் கொடுக்கும் கோரிக்கைகள்) 1, 4, 16, 32, 64 என்று ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஐஓபிஎஸ், சராசரித் தாமதம், 99ஆம் பெர்சென்டைல் தாமதம் (நூறில் 99 கோரிக்கை இதற்குள் முடிந்திருக்கும்) மூன்றையும் எழுதுங்கள். பிறகு டெப்த்தை 32இல் நிறுத்தி ஜாப்பை 1, 2, 4, 8, 16 என்று ஏற்றுங்கள். இன்னொரு டெர்மினலில் எம்பிஸ்டாட் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

டெப்த் ஏற ஏற ஐஓபிஎஸ் ஏறி, ஒரு கட்டத்தில் நின்று, அதற்குப் பிறகு தாமதம் மட்டும் ஏறினால் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். அந்த நேரத்தில் ஒரு கோர் 100 சதவீதத்தில் இருக்கிறதா? அப்படியானால் அது கோரின் எல்லை. ஜாப்பைக் கூட்டினால் ஐஓபிஎஸ் மறுபடி ஏறும். கோர்கள் சும்மா இருந்தும் ஏறவில்லை, எண்ணும் டிரைவின் அறிவிக்கப்பட்ட அளவுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றால் அதுவே டிரைவின் எல்லை. அறிவித்ததில் பாதிகூட வராமல் நின்றால் நான்காம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

புது டிரைவை அளக்கும்போது ஒரு மாயம் நடக்கும். எதுவும் எழுதாத, அல்லது டிரிம் செய்த (காலி என்று டிரைவுக்குச் சொல்லிவிட்ட) இடத்தைப் படிக்கச் சொன்னால், டிரைவ் ஃபிளாஷைத் தொடாமலே பூஜ்யங்களைத் திருப்பித் தரும். எண்கள் ஆகாயத்துக்குப் போகும். டேட்டா நிரம்பிய இடத்தில் அளந்தால்தான் உண்மை வெளிவரும்.

ஆறாம் படி: சூடு

சோதனையைப் பத்து நிமிடத்துக்கு நீட்டிப் பாருங்கள். முதல் நிமிடம் நன்றாக ஓடி, பிறகு படிக்கும் வேகம் விழுந்தால் சூடு. "என்விஎம்இ ஸ்மார்ட்-லாக்" கட்டளையில் இப்போதைய வெப்பநிலையும், எச்சரிக்கை எல்லைக்கு மேல் எத்தனை நிமிடம் இருந்தது என்பதும் வரும். அந்த நிமிடக் கணக்கு டிரைவின் ஆயுள் முழுக்கச் சேர்ந்துகொண்டே போகும். பூஜ்யமாக இல்லையென்றால் ஏதோ ஒரு நாள் டிரைவ் வெந்திருக்கிறது. எச்சரிக்கை எல்லை எவ்வளவு என்பதை "என்விஎம்இ ஐடி-சிடிஆர்எல்" வெளியீட்டில் டபிள்யூசிடெம்ப் என்ற எண் சொல்லும், ஆனால் கெல்வினில். 343 என்றால் 70 டிகிரி செல்சியஸ்.

பகல் 11 மணிக்கு அளந்துவிட்டு "சூடே இல்லையே" என்று போய்விடாதீர்கள். நம் ஏரியா ஆபீஸ்களில் சர்வர் யூபிஎஸ்ஸில் இருக்கும், ஏசி இருக்காது. கரண்ட் போனால் சர்வர் ஓடும், ஏசி நிற்கும். கரண்ட் வந்த பிறகும் சாதாரண ஸ்பிளிட் ஏசியில் தானாகத் திரும்ப ஓடும் வசதி இல்லையென்றால், காலையில் யாராவது வந்து ரிமோட்டை அழுத்தும்வரை அறை வேகும். அக்னி நட்சத்திரத்தில் பூட்டிய அறை, உள்ளே ஹீட்சிங்க் இல்லாத எம்.2 டிரைவ், அதில் ராத்திரி பேக்கப். காலை 10 மணிக்கு எல்லாம் நார்மல். ஸ்மார்ட்-லாக்கை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் வசதி) எழுதவிடுங்கள். கரண்ட் போன நேரத்தையும் வேகம் விழுந்த நேரத்தையும் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும்.

ஏழாம் படி: எழுதும்போது மட்டும் மெதுவாக இருந்தால்

வெப்பநிலை ஒழுங்காக இருந்தும், எழுத ஆரம்பித்துச் சில பத்து ஜிபிக்குப் பிறகு வேகம் பொத்தென்று விழுகிறதா? வீட்டுக் கம்ப்யூட்டருக்கான டிரைவைச் சர்வரில் போட்டிருப்பீர்கள். அவை ஃபிளாஷின் ஒரு பகுதியை, செல்லுக்கு ஒரு பிட் மட்டும் எழுதும் வேகமான இடமாக வைத்திருக்கும். அது நிரம்பியதும் உண்மை வேகம் வெளியே வரும். செல்லுக்கு நான்கு பிட் எழுதும் க்யூஎல்சி வகையில் வீழ்ச்சி இன்னும் மோசம். இதற்கு மென்பொருளில் மருந்து கிடையாது.

டிரைவ் 90 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருந்தாலும் எழுதும் வேகம் குறையும், உள்ளே குப்பை சேகரிக்க இடம் இருக்காது. "எஃப்எஸ்டிரிம் -ஏவி" ஓட்டிப் பாருங்கள், வாரம் ஒருமுறை தானாக ஓட டைமரும் உண்டு. பல டிரைவ்களை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு கார்டுக்குப் பின்னால் இருக்கும் டிரைவுக்கு டிரிம் போய்ச் சேராமல் போகலாம்.

எனக்கு வரும் புகார்களில் பெரிய பங்கு அடுத்தது. கேட் பாஸ், டெலிவரி ஆர்டர் போன்ற பதிவுகள் ஒவ்வொன்றாக கமிட் ஆகும் டேட்டாபேஸ். ஒவ்வொரு கமிட்டுக்கும் எஃப்சிங்க்: "டிஸ்கில் நிரந்தரமாக ஏறிவிட்டது என்று சொல், அப்புறம்தான் நகருவேன்". சர்வருக்கான டிரைவ்களில் கரண்ட் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்கும் அளவுக்குக் கப்பாசிட்டர்கள் உண்டு. அதனால் தன் மெமரிக்கு வந்ததுமே தைரியமாக "ஏறிவிட்டது" என்று சொல்லும். சில பத்து மைக்ரோ நொடி. கப்பாசிட்டர் இல்லாத டிரைவ் ஃபிளாஷில் எழுதிவிட்டுத்தான் சொல்லவேண்டும். ஒரு மில்லி நொடி, சிலவற்றில் அதற்கும் மேல். படிக்கும் சோதனையில் இரண்டும் ஒன்று போலவே ஓடும், கமிட்டில் பல மடங்கு வித்தியாசம். ஃபியோவில் ஒரு தற்காலிகக் கோப்பையும் அதன் அளவையும் கொடுத்து, ஆர்டபிள்யூ=ரைட், பிஎஸ்=4கே, எஃப்டேட்டாசிங்க்=1 என்று ஓட்டினால் இது தெரியும். மறக்காதீர்கள், கோப்பின் பெயர். டிரைவின் பெயர் இல்லை.

தீர்வு, கப்பாசிட்டர் உள்ள டிரைவ். அல்லது பதிவுகளைச் சேர்த்து நூறுக்கு ஒரு கமிட் என்று அப்ளிகேஷனை மாற்றச் சொல்வது. டேட்டாபேஸில் எஃப்சிங்க்கையே அணைத்துவிடலாம் என்று இணையத்தில் யோசனை கிடைக்கும். கரண்ட் போகும் ஊரில் அதைச் செய்தால் ஒருநாள் டேட்டாபேஸே திறக்காது.

எட்டாம் படி: நடுவில் இருக்கும் அடுக்குகள்

ஐந்தாம் படியின் படிக்கும் சோதனையை டிரைவின் மேல் ஒருமுறை, ஃபைல் சிஸ்டத்தில் ஒரு பெரிய கோப்பின் மேல் ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டுக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருந்தால் குற்றவாளி நடுவில் இருக்கிறார்.

சாஃப்ட்வேர் ரெய்டு 5 அல்லது 6 என்றால் எழுதும்போது டாப்பில் எம்டி0_ரெய்டு5 மாதிரி ஒரு பெயர் ஒரு கோரை முழுசாகத் தின்கிறதா பாருங்கள். எம்டி கோப்புறையில் குரூப்_த்ரெட்_சிஎன்டி என்ற அமைப்பு இயல்பாகப் பூஜ்யம். 4 அல்லது 8 கொடுத்துப் பாருங்கள். டிரைவை என்கிரிப்ட் செய்திருந்தால், 5.9 கெர்னலிலிருந்து டிஎம்-கிரிப்ட்டில் படிப்பதற்கும் எழுதுவதற்கும் வொர்க்க்யூவைத் (வேலையை வேறு த்ரெட்டுக்குத் தள்ளும் வரிசை) தவிர்க்கும் இரண்டு விருப்பங்கள் இருக்கின்றன; தாமதம் கண்ணுக்குத் தெரியும்படி குறையலாம். ரெய்டு கார்டு எட்டு லேன் ஸ்லாட்டில் இருந்து, அதன் பின்னால் எட்டு என்விஎம்இ இருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். வர்ச்சுவல் மெஷினுக்குள் அளந்தது மோசமாக இருந்தால் வெளியே ஹோஸ்ட்டில் அளந்துவிட்டுப் பேசுங்கள். வர்ச்சுவல் டிஸ்குக்கு ஒரே வரிசை கொடுத்திருப்பார்கள், அல்லது யாரோ ஐஓபிஎஸ் வரம்பு போட்டிருப்பார்கள்.

கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் ஷெட்யூலர் "நன்" என்று இருக்கிறதா, கோரின் வேகத்தைத் தீர்மானிக்கும் சிபியூ கவர்னர் "பெர்ஃபார்மன்ஸ்" என்று இருக்கிறதா என்று ஒரு பார்வை. அடிக்கடி தூங்கி எழும் கோர்களால் டெப்த் 1 சோதனையில் தாமதம் கூடும். சுமை ஏறும்போது குறையும். வேலை ஏற ஏறத் தாமதம் குறைகிற விநோதத்தைப் பார்த்தால் பயாஸில் பவர் சேமிப்பு அமைப்புகளைப் பாருங்கள்.

எல்லாம் பார்த்தும் டிரைவ்தான் என்றால்

அதுவும் நடக்கும். ஸ்மார்ட்-லாக்கில் மீடியா எரர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவது, அவெய்லபிள் ஸ்பேர் அதன் வாசல் எண்ணுக்குக் கீழே இறங்குவது, பர்சன்டேஜ் யூஸ்டு 100ஐத் தாண்டுவது, டிமெசேஜில் என்விஎம்இ டைம்அவுட், ரீசெட் என்று வரிகள். டைம்அவுட் வந்தால் சோதனையை அங்கேயே நிறுத்தி பேக்கப் எடுங்கள். மீதி ஆராய்ச்சி பிறகு. ஃபர்ம்வேருக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று தயாரிப்பாளரின் பக்கத்தில் பாருங்கள், ஆனால் பேக்கப் இல்லாமல் ஏற்றாதீர்கள்.

வாரண்டிக்கு அனுப்பும்போது "ஸ்லோவாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் சர்வீஸ் சென்டரில் ஒரு வாரம் வைத்திருந்து "நோ ஃபால்ட்" என்று திருப்பிவிடுவார்கள். ஸ்மார்ட்-லாக், லிங்க்ஸ்டா வரி, ஃபியோ ஏணியின் எண்கள், டிமெசேஜ் வரிகள் நான்கையும் இணைத்து அனுப்புங்கள். டிரைவில் பில் ஆஃப் என்ட்ரி, வாடிக்கையாளர் கேஒய்சி போன்றவை இருக்கும். இன்னும் உயிரோடு இருக்கும் டிரைவ் என்றால் என்விஎம்இ ஃபார்மட் கட்டளையில் செக்யூர் எரேஸ் கொடுத்து அழித்த பிறகே கவரில் போடுங்கள். அழிக்க முடியாத அளவுக்குச் செத்த டிரைவ் என்றால், வாரண்டியை விட்டுக்கொடுப்பதா என்று முதலாளியிடம் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.